ஊருக்குக் கொம்பியூட்டர் நிலையம் போடப்போறியளோ? முதல் ஆளைத் தேடுங்கோ

வெளிநாட்டில இருக்கிற ஊர்ச் சங்கத் தம்பி ஒராள் கேட்டிருக்கிறார்: "எங்கட ஊர் தீவுப் பக்கம். சங்கத்தில கொஞ்சக் காசு சேர்ந்திருக்கு, பத்துக் கொம்பியூட்டரோட ஒரு தகவல் தொழில்நுட்ப நிலையம் போடுவம் எண்டு யோசிக்கிறம். சில பேர் சொல்லுகினம் இப்ப எல்லாற்ற கையிலயும் ஸ்மார்ட்போன் இருக்கு, உது பழைய காலத்துத் திட்டம் எண்டு. போடலாமோ, போட்டா என்னென்ன வைக்கிறது, ஸ்டார்லிங்க் (செய்மதி இன்ரநெற்) பூட்டலாமோ?"

தம்பி, போடலாம், ஆனா அந்தப் பத்துக் கொம்பியூட்டரை முதல்ல மறந்துபோட்டு, உங்கட காசில ஒராளுக்கு மூண்டு வருசம் சம்பளம் குடுக்க ஏலுமோ எண்டு கணக்குப் பாருங்கோ. ஏலும் எண்டா மிச்சத்தைக் கதைப்பம். ஏலாது எண்டா அந்தக் காசை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கோ நூலகத்துக்கோ குடுக்கிறது நல்லம், ஏனெண்டா ஆள் இல்லாத நிலையங்கள் எப்பிடி முடியுது எண்டு நான் கனக்கப் பார்த்திட்டன், திறப்புவிழாப் படம் சுவரில தொங்கும், கதவில பூட்டுத் தொங்கும், சாவி ஆரிட்ட எண்டு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது.

போன் இருக்கே எண்ட கதைக்கு வாறன். போன் இருக்கிறது உண்மைதான், ஆனா போன் வந்த பிறகு சனத்தின்ர அலுவல் குறைஞ்சதோ கூடினதோ எண்டு ஊருக்குள்ள ஒருக்கா விசாரிச்சுப் பாருங்கோ. 2022 ஆடி ஆவணியில பெற்றோலுக்குக் கியூஆர் வந்தது ஞாபகம் இருக்கும் (நீங்கள் அங்க இருந்திருப்பியள், வீட்டுக்காரரைக் கேளுங்கோ). ஐசி (அடையாள அட்டை) நம்பர், வாகன நம்பர், செசி நம்பர் எல்லாம் அடிச்சு, போனுக்கு வாற ஓடிபியையும் போட்டாத்தான் கோட் வரும். கையில நல்ல போன் வச்சிருந்த ஆக்களே கொமினிகேசன் கடையில (போட்டோக்கொப்பி, இன்ரநெற் கடை) வரிசையா நிண்டு, கோட்டைப் பிறின்ற் எடுத்து லமினேற் பண்ணி மோட்டச்சைக்கிள் சீற்றுக்குக் கீழ வச்சுக்கொண்டு திரிஞ்சவை. அடுத்த வருசம் சமுர்த்திக்குப் பதிலா அஸ்வெசும எண்ட அரசாங்க உதவிப்பணம் வந்தது, அதுக்கு விண்ணப்பம், பேர் வராட்டி மேன்முறையீடு, பேந்து வங்கிக் கணக்கு எண்டு ஒண்டுக்குப் பின்னால ஒண்டு. அதே 2023இல பாஸ்போர்ட் விண்ணப்பமும் ஒன்லைனுக்கு வந்து, கைரேகையை மட்டும் தெரிவு செய்த பிரதேச செயலகங்களில வைக்கலாம் எண்டாச்சு. ஏ.எல் எடுத்த பிள்ளையள் கம்பஸுக்குப் போடுறதும் இப்ப ஒன்லைன்தான். ஐசிக்குப் படம் எண்டாலும் பதிவு செய்த ஸ்ரூடியோவில எடுத்து அவைதான் அனுப்பவேணும். தெரிஞ்சவனுக்கு இதெல்லாம் கால் மணித்தியால வேலை, தெரியாதவைக்கு ஒவ்வொண்டும் ஒரு மதில். நிலையம் எண்டு நான் சொல்லுறது இந்த மதிலுக்குப் பக்கத்தில இருக்கிற ஒரு ஆளைத்தான்.

அதோட தூரத்தையும் யோசியுங்கோ. நெடுந்தீவில இருக்கிற ஒருத்தருக்குக் கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில) அலுவல் எண்டா விடியப்புறம் எழும்பி இறங்குதுறைக்குப் போய், லோஞ்ச் பிடிச்சு ஒரு மணித்தியாலம் கடல், குறிகட்டுவானில இறங்கி பஸ் ஏறி புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் எல்லாம் தாண்டித்தான் யாழ்ப்பாணம், பிறகு பின்னேர லோஞ்சுக்குத் திரும்பி ஓடவேணும், கடல் அடிச்சா அதுவும் இல்லை. அவ்வளவு தூரம் போன மனிசனை, படத்தின்ர அளவு பிழை, விதானையாற்ற கையெழுத்து ஒண்டு குறையுது, நாளைக்கு வாங்கோ எண்டு திருப்பி விட்டா அண்டைக்கு உழைப்பும் போச்சு காசும் போச்சு. வடமராட்சி கிழக்கில தரையால போகலாம் எண்டாலும் கதை பெரிசா வித்தியாசம் இல்லை, உடுத்துறை கட்டைக்காட்டுப் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு மருதங்கேணியில பிரதேச செயலகம் இருக்கு, அதுக்கு மேல என்னவெண்டாலும் பட்டணம்தான். 2025 புரட்டாதியில யாழ்ப்பாணக் கச்சேரியிலயே பாஸ்போர்ட் ஒபிஸ் திறந்தது பெரிய ஆறுதல், முந்தி வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போகவேணும். ஆனா அங்க போய் நிக்கிற நேரம் கையில இருக்கிற பேப்பர் சரியா இருக்கவேணுமே, அதைச் சரி பார்க்க ஊருக்குள்ள ஆர் இருக்கினம்?

இந்த யோசினை ஒண்டும் புதுசில்லை. 1985இல சுவீடனில வெம்டாலன் எண்ட சின்ன மலைக்கிராமத்தில முதல் நிலையம் துவங்கினது, அங்கயும் ஊர்ச் சனம் வேலை தேடி வெளிக்கிட்டுக்கொண்டிருந்த காலம், ஊரிலயே கொம்பியூட்டரையும் தொலைத்தொடர்பையும் வச்சா கொஞ்சப்பேரெண்டாலும் நிப்பினம் எண்ட நோக்கம். எங்கட நாட்டில எனக்குப் பிடிச்சது கொத்மலை. தொண்ணூறுகளின்ர கடைசியில யுனெஸ்கோ உதவியோட அங்கத்தைச் சமூக வானொலிக்கு இன்ரநெற் குடுத்தவை. அந்தக் காலத்தில கிராமத்தில ஆருக்கு இன்ரநெற் தெரியும், ஆன படியா நேயர்கள் கடிதத்திலயும் போனிலயும் கேள்வி கேப்பினம், அறிவிப்பாளர் தேடி வாசிச்சு சிங்களத்தில விளக்கிச் சொல்லுவார். ஒரு லைன், ஒரு ஆள், ஊர் முழுக்கப் பயன். ஆளாளுக்கு ஒரு கொம்பியூட்டர் எண்டு போயிருந்தா அது நடந்திராது.

புதுச்சேரிக் கதை இன்னும் எங்களுக்குக் கிட்ட. 1998இல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமா வச்சுச் சுத்தி இருந்த கிராமங்களில தகவல் மையங்கள் துவங்கினது. வீராம்பட்டினம் மீன்பிடிக் கிராமம், அங்க அமெரிக்கக் கடற்படையின்ர இணையத்தளத்தில இருந்து அலையின்ர உயரத்தை எடுத்து, தமிழில எழுதி ஸ்பீக்கரில அறிவிப்பினம், கடலுக்குப் போறவன் கரையில நிண்டே கேட்டிட்டு முடிவெடுப்பான். 2004 சுனாமி அண்டு நல்லவாடு எண்ட ஊரில நடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பியள், சிங்கப்பூரில இருந்த ஊராள் ஒருத்தர் செய்தியைப் பார்த்திட்டு வீட்டுக்குப் போன் எடுக்க, அந்த மையத்து ஸ்பீக்கராலதான் ஊர்ச் சனத்தை எழுப்பி வெளியேத்தினவை, ஆயிரக்கணக்கான சனம் தப்பினது. கொம்பியூட்டர் அந்தக் காலையில பெரிசா ஒண்டும் செய்யேல்லை. செய்தி வந்தது போனில, போனது ஸ்பீக்கரில, ஆனா அந்த ஸ்பீக்கர் அங்க இருந்ததும், அதில சொன்னா ஊர் நம்பும் எண்ட பழக்கம் வந்ததும் மையத்தாலதான். எங்கட கரையோர ஊர்களில கோயிலிலயும் சேர்ச்சிலயும் ஸ்பீக்கர் இருக்கு, 2020இல புரெவி, 2024இல பெங்கல் எண்டு கார்த்திகை மார்கழியில புயல் வராத வருசம்தான் குறைவு, நிலையத்தையும் ஸ்பீக்கரையும் இணைக்கிறதுக்குச் செலவே இல்லை எண்டு சொல்லலாம்.

இலங்கை அரசாங்கம் செய்த பெரிய முயற்சி நெனசல. 2003இல துவங்கின ஐசிடிஏ எண்ட அரசாங்கத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம், உலக வங்கிக் காசு, நாடு முழுக்க ஆயிரம் நிலையம் எண்டு இலக்கு, விகாரை கோயில் பள்ளிவாசல் நூலகம் எண்டு இருக்கிற இடங்களிலயே போட்டவை. வடக்கில கனக்க வந்தது சண்டை முடிஞ்ச பிறகுதான். 2014இல கேட்ஸ் அறக்கட்டளையின்ர பரிசு, 10 லட்சம் டொலர், அதுக்குக் கிடைச்சது. குறை சொல்லுற ஆக்கள் கனபேர், நான் முழுக்கக் குறை சொல்லமாட்டன், எத்தினையோ பிள்ளையள் முதல் முதல் மவுஸ் பிடிச்சது அங்கதான். ஆனா அமைப்பில ஒரு ஓட்டை இருந்தது. கொம்பியூட்டர் குடுப்பினம், கொஞ்ச வருசத்துக்கு லைன் காசுக்கு மானியம் குடுப்பினம், பிறகு நீங்களே உழைச்சு நடத்துங்கோ எண்டு விடுவினம். மானியம் நிக்கிற அதே காலத்தில மெசினும் வயசு போய்ப் பழுதாகத் துவங்கும், அதே காலத்தில அங்க இருந்த பெடியனுக்கும் வேற வேலை கிடைச்சிடும். துலா இல்லாத கிணறு மாதிரி, தண்ணி கீழ கிடக்கும், அள்ள ஒண்டும் இல்லை. தப்பினது எதுகள் எண்டு பார்த்தா, பக்கத்தில ஒரு நூலகரோ வாத்தியாரோ ஐயரோ சொந்தப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்ட இடங்கள்தான் அநேகம்.

இந்தியாவில இதையே வியாபாரமா நடத்திப் பார்த்தவை. மதுரைக்குக் கிட்ட மேலூர்ப் பக்கம் 2001 அளவில ஐஐடி மெட்ராஸ் ஆக்களின்ர தொழில்நுட்பத்தில வயர் இல்லாத லைன் இழுத்து, ஊர் ஊரா இன்ரநெற் கடை போட்டினம், ஊராளே முதலாளி. துவக்கத்தில நல்ல பேர், பேந்து கனக்க மூடுப்பட்டது, பழுதானா திருத்த ஆள் வாறேல்ல, பழக்கின ஆக்களைத் திரும்பிப் பார்க்கேல்லை, வருமானம் காணாது. 2006இல மத்திய அரசு பொதுச் சேவை மையம் எண்டு துவங்கினது இதையெல்லாம் பார்த்த பிறகுதான், இப்ப அது லட்சக்கணக்கில இருக்கு, தமிழ்நாட்டில இ-சேவை மையம் இல்லாத ஊர் தேடவேணும். வித்தியாசம் என்ன? சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா எண்டு அரசாங்க அலுவலையே அந்த மேசைக்குக் கொண்டு வந்தது. சனம் இன்ரநெற் பார்க்க வராது, சான்றிதழுக்கு வரும். பங்களாதேசத்தில 2010 கார்த்திகையில ஒரே நாளில 4,501 யூனியன்களிலயும் (அங்கத்தை ஊர்ச்சபைப் பிரிவு) நிலையம் திறந்தினம், அந்த யூனியன் சபைக் கட்டடத்துக்குள்ளயே, ஒவ்வொண்டுக்கும் ரெண்டு பேர், ஒரு ஆம்பிளை ஒரு பொம்பிளை. அந்த ரெண்டாவது ஆள் பொம்பிளையா இருக்கவேணும் எண்டதை ஆர் யோசிச்சினமோ தெரியாது, மிச்ச எல்லாத்தையும் விட எனக்கு அதுதான் கெட்டித்தனமாப் படுது.

ஏனெண்டு சொல்லுறன். எங்கட ஊரில அலுவலுக்கு அலையிறது முக்கால்வாசி பொம்பிளையள். அஸ்வெசுமவுக்கு அவை, பிள்ளையின்ர பிறப்புப் பத்திரத்துக்கு அவை, மாமியாற்ற முதியோர் கொடுப்பனவுக்கு அவை. அதுக்குள்ள சண்டையில புருசனை இழந்த ஆக்கள், இண்டைக்கும் தேடிக்கொண்டிருக்கிற ஆக்கள். இறப்புப் பத்திரம் எடுக்கிறதோ, 2016இல வந்த சட்டத்தின்படி காணாமற்போனமைச் சான்றிதழ் எடுக்கிறதோ எண்ட கேள்வியை ஒரு தாய் கொமினிகேசன் கடைக் கவுண்டரில, பின்னால நாலு பெடியள் றீலோட் போட நிக்கேக்க கேக்க ஏலுமோ? அந்த நிலையத்தில ஒரு கதவு பூட்டக்கூடிய சின்ன அறையும், ஊருக்குள்ள நம்பிக்கையான ஒரு பொம்பிளையும் இருந்தா அவ வந்து இருந்து கதைப்பா. இன்னொரு காரணமும் இருக்கு, கெட்டிக்காரப் பெடியனைப் பழக்கி எடுத்தா ரெண்டாம் வருசம் அவன் வெளிநாடு போக ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஸ் சோதினை எழுதிக்கொண்டு நிப்பான், பிழை சொல்லேலாது, நீங்களும் அப்பிடித்தான் போனனீங்கள். ஊருக்குள்ள கலியாணம் கட்டி, பிள்ளை பள்ளிக்கூடம் போற, ஏ.எல் மட்டும் படிச்ச ஒரு தங்கச்சியைத் தேடுங்கோ. பட்டதாரி தேவையில்லை. கொஞ்சம் சிங்களம் வாசிக்கத் தெரிஞ்சா இன்னும் நல்லம், வடக்கில நிர்வாக மொழி தமிழ் எண்டு அரசியலமைப்பில கிடக்கு, ஆனா தபாலில வாற கடிதமும் போனில வாற மெசேஜும் அதை எப்பவும் வாசிச்சிட்டு வாறேல்ல. ஏதும் விளங்காட்டி அரசாங்கத் தகவல் நிலையத்தின்ர 1919க்கு அடிச்சுத் தமிழில கேக்கலாம் எண்டதும் அவவுக்குத் தெரிஞ்சிருக்கவேணும், ஊரில பாதிப் பேருக்கு அந்த நம்பரே தெரியாது.

ஆளை எடுக்கேக்க ஒரு சோதினை வையுங்கோ. தன்ர பேரையும் விலாசத்தையும் யூனிகோட் தமிழில அடிச்சுக் காட்டச் சொல்லுங்கோ. சிரிக்காதேங்கோ. எங்கட டைப்செற்றிங் கடையள் முழுக்கப் பாமினி எண்ட பழைய எழுத்துருவில வளர்ந்தது, பாமினியில மின்னல் வேகத்தில அடிக்கிற ஆள் அதை அப்பிடியே அரசாங்கத் தளத்தில ஒட்டினா அங்க இங்கிலீஸ் எழுத்துக் குப்பைதான் விழும். இலங்கைத் தரம் எண்டு 2008இல வந்தது ரெங்கநாதன் விசைப்பலகை, எஸ்எல்எஸ் 1326, ஆனா பாமினி பழகின கைக்கு அது வராது, பரவாயில்லை, பாமினி அமைப்பிலயே அடிச்சு யூனிகோட் வாற மென்பொருள் இருக்கு, அதைப் போட்டுக் குடுத்தாப் போதும். இதை விடப் பெரிய தலையிடி இங்கிலீசில பேர் எழுதுறது. பிறப்புப் பத்திரத்தில ஒரு மாதிரி, ஐசியில ஒரு மாதிரி, பள்ளிக்கூடச் சான்றிதழில இன்னொரு மாதிரி, தகப்பன்ர பேர் முன்னுக்கோ பின்னுக்கோ, ஒரு எழுத்துக் கூடினா குறைஞ்சா பாஸ்போர்ட்டில போய் இடிக்கும். இடம்பெயர்ந்த குடும்பங்களில பத்திரமே துலைஞ்சு போய் உத்தேச வயதுப் பத்திரத்தோட திரியிற ஆக்களும் இருக்கினம். நிலையத்துக்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒரு வேலைத்திட்டம் சொல்லு எண்டு என்னைக் கேட்டா, ஊரில ஒவ்வொரு குடும்பத்தின்ர பத்திரங்களையும் எடுத்து, பேர் ஒத்து வருதோ எண்டு பார்த்து, ஒத்து வராததைத் திருத்த விண்ணப்பிக்கிறது, அதுதான். அவசரம் வரமுந்தியே செய்து வச்சா எவ்வளவு கண்ணீர் மிச்சம். 1960க்குப் பிறகு பதிஞ்ச பிறப்பு, இறப்பு, விவாகப் பத்திரக் கொப்பியளை எந்தப் பிரதேச செயலகத்திலயும் எடுக்கலாம், கிளிநொச்சியில பிறந்தவன் அங்க போகத் தேவையில்லை, இது தெரியாமல் பஸ் ஏறுற சனம் இண்டைக்கும் இருக்கு. அதோட பிரதேச செயலகம் வருசத்தில எப்பவாவது நடமாடும் சேவை எண்டு ஊருக்கு வரும், அதுக்கு ரெண்டு கிழமைக்கு முந்தி நிலையம் எல்லாற்ற பேப்பரையும் ஆயத்தப்படுத்தி வச்சா, வாற உத்தியோகத்தர்மாருக்கும் லேசு, சனத்துக்கும் அண்டைக்கே முடியும்.

இடம். கட்டடம் கட்டாதேங்கோ, தயவு செய்து. எங்கட ஊர்களில சனசமூக நிலையமும் வாசிகசாலையும் ஏற்கெனவே இருக்கு, விடிய பேப்பர் பார்க்க ஆக்கள் வந்து போற இடம், சுவரும் கூரையும் நிலமும் தயார். ஆனா ஒரு ஊரில ரெண்டு மூண்டு சனசமூக நிலையம் இருக்கும், ஏன் ரெண்டு மூண்டு எண்டு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். ஒண்டில போட்டா மற்றப் பக்கத்து ஆக்கள் படி மிதிக்கமாட்டினம், இல்லாட்டி மிதிக்க விடமாட்டினம். கோயில் மண்டபமும் அப்பிடித்தான், எல்லாரும் உள்ளுக்க வர ஏலுமோ, துடக்குக் காலத்தில பொம்பிளையள் என்ன செய்யிறது எண்டு கேளுங்கோ. புதுச்சேரியில சாதி பார்க்காமல் எல்லாரும் வரலாம் எண்டு ஊர் ஒத்துக்கொண்டாத்தான் மையம் எண்டு முதல்லயே நிபந்தனை போட்டவை. நீங்களும் காசு அனுப்ப முந்தி எழுத்தில வாங்குங்கோ. என்ர எண்ணத்தில பிரதேச சபை நூலகம் இல்லாட்டி சங்கக்கடைக் கட்டடம், ரெண்டிலயும் எல்லாரும் கூப்பன் காலத்தில இருந்து போய் வந்து பழகினது.

இதுக்குள்ள ஒண்டு, ஊரில நல்லா நடக்கிற ஒரு கொமினிகேசன் கடை ஏற்கெனவே இருந்தா அவரோட முதல்ல கதையுங்கோ. நீங்கள் வெளிநாட்டுக் காசில சும்மா போட்டோக்கொப்பி அடிச்சுக் குடுத்தா அந்த மனிசன்ர பிழைப்புப் போகும், மூண்டு வருசத்தில நீங்களும் போவியள், பேந்து ஊருக்கு ரெண்டும் இல்லை. அவருக்கே ஒரு ஸ்கானரும் ஒரு உதவியாளின்ர சம்பளமும் குடுத்து, வயது போன ஆக்களின்ர அலுவலுக்குக் காசு வாங்காதேங்கோ எண்டு பேசி முடிக்கிறது சில ஊரில நிலையம் போடுறதை விட நல்ல முடிவு. சங்கத்து ஆக்களுக்கு இது பிடிக்காது, பேர்ப்பலகை வராது எண்டதால.

சாமான் கதை சுருக்கமா. டெஸ்க்டொப் பத்து எண்டா ஒண்டு 150 வற் எண்டு வைச்சாலும் 1,500 வற், எட்டு மணித்தியாலத்துக்கு 12 யூனிற். லப்டொப் நாலு, ஒண்டு 50 வற், அதே எட்டு மணித்தியாலத்துக்கு 1.6 யூனிற், கூரையில ரெண்டு மூண்டு சோலர் தட்டும் ஒரு லிதியம் பற்றரியும் இருந்தா ஓடும். தீவுகளில இது சின்ன விசயம் இல்லை. நெடுந்தீவு நயினாதீவு எல்லாம் டீசல் ஜெனறேற்றர்ல ஓடிக்கொண்டிருந்த இடங்கள், எழுவைதீவில மட்டும் முந்தியே காத்தும் வெயிலும் சேர்ந்த முறை வந்தது, நெடுந்தீவு நயினாதீவு அனலைதீவுக்கு இந்திய உதவியோட 2022இல புரிந்துணர்வு ஒப்பந்தம் எழுதினவை. உப்புக்காத்து இன்னொரு எதிரி, டெஸ்க்டொப் பெட்டியின்ர ஃபான் அந்தக் காத்தை இழுத்து உள்ளுக்க பலகை முழுக்கத் துரு பிடிக்க வைக்கும், லப்டொப்பை வேலை முடிய மூடி அலுமாரியில வைக்கலாம். பிறின்ரர் லேசர் வாங்குங்கோ, மைப் பிறின்ரர் ரெண்டு கிழமை சும்மா இருந்தாக் காய்ஞ்சு போகும், ஆனா லேசர் சூடாகிற நேரம் ஆயிரம் வற் மட்டும் இழுக்கும், அதை யூபிஎஸ்ஸில கொழுவாதேங்கோ. கவர் போட்ட ஸ்கானர் ஒண்டு, லமினேற் மெசின் ஒண்டு. வெளிநாட்டில கொம்பனி கழிச்சு விடுற பழைய கொம்பியூட்டரைக் கொண்டெய்னரில அனுப்பாதேங்கோ, துறைமுகத்தில எடுக்கிற செலவுக்குப் புதுசு வாங்கலாம்.

ஸ்டார்லிங்க் 2025 ஆடியில இலங்கைக்கு வந்தது, வேலை செய்யும், மாதம் பத்தாயிரத்துக்கு மேல, கறண்டும் நேரம் முழுக்க 75, 100 வற் மட்டும் எடுக்கும். தீவுக்கு அது கட்டாயமோ எண்டு முதல்ல சோதிச்சுப் பாருங்கோ, கடலுக்கு மேல மறைக்க ஒண்டும் இல்லாத படியா, ஒரு நல்ல திசை அன்ரெனாவை இருபது அடிப் பைப்பில ஏத்தி அக்கரையில இருக்கிற ரவரைப் பார்த்துத் திருப்பினா சாதாரண ஃபோர்ஜி றவுட்டரே வடிவா இழுக்கும். ரெண்டு கொம்பனிச் சிம் வையுங்கோ, ஒண்டு படுத்தா மற்றது. படிவம் நிரப்ப வேகம் தேவையில்லை, நிக்காமல் இருந்தாக் காணும். அந்த ரெண்டும் சரி வராட்டித்தான் ஸ்டார்லிங்க்.

சரியான கவனம் எடுக்கவேண்டியது சனத்தின்ர பேப்பர். ஓடிபி வாறது பேரன்ர போனுக்கு, பாஸ்வேர்ட் எழுதியிருக்கிறது நிலையத்துக் கொப்பியில, ஐசியின்ர ரெண்டு பக்கமும் வங்கிப் புத்தகமும் ஸ்கான் பண்ணினது டவுன்லோட் ஃபோல்டரில அப்பிடியே கிடக்கும், வட்ஸ்அப்பில அனுப்பினது ஆற்றையோ போனில கிடக்கும். தனிப்பட்ட தரவைப் பாதுகாக்க 2022இலயே 9ஆம் இலக்கச் சட்டம் வந்திட்டுது, ஆனா சட்டத்தை விடுங்கோ, ஊருக்குள்ள ஒருத்தியின்ர கணக்கு மீதி வெளியில கதையாப் போச்செண்டா அண்டையோட நிலையம் முடிஞ்சுது. பின்னேரம் பூட்டமுந்தி அண்டைய ஃபைல் எல்லாம் அழிக்கிறது, பாஸ்வேர்டை அவரவற்ற கையிலயே எழுதிக் குடுக்கிறது, இது ரெண்டையும் பழக்கமாக்குங்கோ.

காசு வாங்கிறதோ எண்டு சங்கத்துக்குள்ள சண்டை வரும். வாங்குங்கோ. போட்டோக்கொப்பி, பிறின்ற், பில் கட்டுறது, ரெயில் சீற் புக் பண்ணுறது, விசாப் படிவம் எல்லாத்துக்கும் கடை விலை. அரசாங்கக் கொடுப்பனவு, பத்திரம் திருத்துறது, கடிதம் வாசிச்சுச் சொல்லுறது, இதுகளுக்கு வேண்டாம். உழைக்கிறது லைன் காசுக்கும் ரோனருக்கும் காணும், சம்பளத்துக்குக் காணாது, அதை முதல்லயே ஒத்துக்கொண்டு சம்பளத்தைச் சங்கம் பொறுப்பெடுக்கவேணும், அதாலதான் மூண்டு வருசம் எண்டு முதல் வசனத்திலயே கேட்டனான்.

பிள்ளையளுக்குக் கொம்பியூட்டர் வகுப்பு எண்டு ஒண்டு கட்டாயம் உங்கட பட்டியலில இருக்கும், படத்துக்கு வடிவு எண்டதால. பள்ளிக்கூடத்தில லாப் இருந்தா அதை இரட்டிப்பாக்காதேங்கோ. பின்னேரத்தில கல்வி அமைச்சின்ர ஈ-தக்சலாவ தளத்தில பாடம் பார்க்க, 'நூலகம்' எண்ட இணையத்தளத்தில பழைய எங்கட புத்தகம் பேப்பர் தேட, தமிழில அடிச்சுப் பழக நாலு லப்டொப் போதும். உண்மையா அவையளுக்கு நிலையம் தேவைப்படுறது ஏ.எல் றிசல்ற்ஸ் வந்து கம்பஸ் விண்ணப்பம் திறக்கிற நாளுகளில, எந்தக் கோர்ஸ் கோட்டை முதல் போடுறது, யாழ்ப்பாண மாவட்டத்துக்குப் போன வருசம் இசட் ஸ்கோர் எவ்வளவுக்கு வெட்டினது, ஒழுங்கை மாத்திப் போட்டா என்ன நடக்கும் எண்டு ஒருத்தரும் பக்கத்தில இருந்து சொல்லாமல் எத்தினை பிள்ளையள் கிடைச்சிருக்கக்கூடிய இடத்தை விட்டிருக்கினம். அந்த நாளுகளில இரவு எட்டு மணி மட்டும் திறந்து வைக்கச் சொல்லுங்கோ, போன வருசம் கம்பஸுக்குப் போன ரெண்டு பிள்ளையளைக் கூப்பிட்டுப் பக்கத்தில இருத்துங்கோ, அந்தத் தங்கச்சிக்கு மேலதிக நேரத்துக்குக் காசும் குடுங்கோ.